ஒரே கேள்விக்கு மூன்று பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களின் கடன் நிலவரத்தை நேரில், தொலைபேசியில், வாட்ஸ்அப் படிவத்தில் என மூன்று வழியில் கேட்டோம். சேர்த்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது. வட்டி முதலையிடம், அதாவது உரிமமில்லாமல் கடும் வட்டிக்குக் கடன் தருபவரிடம், வாங்கியதாகப் படிவத்தில் பலர் எழுதியிருந்தார்கள். நேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றின் வாசலில்தான் காரணம் புரிந்தது. கேள்வியைக் கேட்டதும் அந்த அக்கா உள்ளே மாமியார் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, “அதெல்லாம் இல்ல தம்பி” என்றார். கை மட்டும் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. பாவம், வேறென்ன சொல்ல முடியும் அவரால்?

அப்புறம் கடன் கேள்விகளை டேப்லெட்டில் போட்டு அவரவர் கையிலேயே கொடுத்தோம். வாசிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு ஹெட்போனில் தமிழ்க் குரல்.

இன்னொரு கோளாறு: ‘தெரியாது’ என்பது படிவத்தில் இருந்தது, தொலைபேசியில் நாங்கள் அதை வாசிக்கவே இல்லை. நீண்ட பட்டியலைக் காதால் கேட்பவர் கடைசியில் வந்ததையும், கண்ணால் பார்ப்பவர் முதலில் இருப்பதையும் பிடித்துக்கொள்வதும் உண்டு. பட்டியலைச் சுருக்கி, எல்லா வழியிலும் ஒரே சொற்களை வைத்தோம். பதில் எந்த வழியில் வந்தது என்பதையும் பதிந்தோம். படிவம் நிரப்பியவர்கள் பெரும்பாலும் இளையவர்கள் என்பதால், ஒரே வயதினரை மட்டும் ஒப்பிட்டோம்.

அதே லயங்களுக்கு டேப்லெட்டோடு மறுபடி போனபோது, ‘ஆம்’ என்ற பதில்கள் வரத் தொடங்கின.