மெயிலில் வரும் கோப்பின் முழுப்பெயரைப் பாருங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் பார்ப்பவர்கள் இன்றே ஒரு செட்டிங்கை மாற்றிவிடுங்கள். விண்டோஸ், கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்தே காட்டும். அதனால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வரும் வைரஸ் (இஎக்ஸ்இ என்றால் திறந்ததும் இயங்கும் புரோகிராம்), உங்கள் கண்ணுக்கு வெறும் 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதே தந்திரத்தில்தான் வந்தது: காதல் கடிதம் என்ற பெயரில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போலத் தெரிந்தது உண்மையில் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸில் தானாக ஓடும் சின்ன புரோகிராம்; திறந்தவுடன் அவுட்லுக் மெயில் புரோகிராமின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டு, படக் கோப்புகளையும் அழித்தது.

விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, அப்புறம் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ டேபிலேயே இருக்கும். இனி மெயிலில் வந்த கோப்பு இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ் என்று முடிந்தால் திறக்கவே வேண்டாம். தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் சரி, முதலில் போன் போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து அவருக்கே தெரியாமல் அது வந்திருக்கலாம்.

வேர்டு, எக்செல் கோப்பு திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் கோப்புக்குள் இருக்கும் புரோகிராம் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை நிதானமாகக் காட்டிக் கொடுங்கள். முக்கியமான போட்டோக்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், செருகியே இருந்தால் வைரஸ் அதையும் தொட்டுவிடும்.