டிராயிங்கை அழிக்கும் ஏபிஐ டூலுக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

கட்டுமானத் திட்ட மேலாண்மை மென்பொருளில் ஏபிஐ (ஒரு மென்பொருளோடு இன்னொரு மென்பொருள் பேசும் வழி) மூலமாகத் தகவலை எடுக்கலாம், சேர்க்கலாம், அழிக்கலாம். எடுக்கும் டூலுக்கு அரைகுறையாக ஆவணம் எழுதினால் படிப்பவருக்கு நேரம் வீணாகும், அவ்வளவுதான். அழிக்கும் டூலுக்கு அப்படி எழுதினால், சைட்டில் நிற்பவர் கைக்குத் தப்பான டிராயிங் போய்ச் சேரலாம். 'டிராயிங்கை நீக்கும்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்ட ஆவணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியையே எடுத்துக்கொண்டு, முழு ஆவணமாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எழுதும் முன் அழித்துப் பாருங்கள்

சோதனைக்கென்று தனி ப்ராஜெக்ட் ஒன்றைத் திறங்கள். ஒரு டிராயிங்கை ஏற்றி, அதற்கு மூன்று ரிவிஷன் (திருத்திய பதிப்பு) போடுங்கள். அதன் மேல் இரண்டு இடத்தில் பன்ச் லிஸ்ட் குறி வையுங்கள் (முடிக்கவோ திருத்தவோ மிஞ்சியிருக்கும் வேலைகளின் பட்டியல்தான் பன்ச் லிஸ்ட்). ஒரு ஆர்எஃப்ஐயிலும் அதை இணையுங்கள் (சைட்டிலிருந்து வடிவமைப்பாளருக்குப் போகும் எழுத்துபூர்வமான கேள்விதான் ஆர்எஃப்ஐ). இப்போது டூலை ஓட்டுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். மூன்று ரிவிஷனும் போயிற்றா, கடைசி மட்டுமா? பன்ச் லிஸ்ட் வேலைகள் மிஞ்சியிருந்தால், எந்த இடம் என்று காட்டும் குறி இருக்கிறதா? ஆர்எஃப்ஐயைத் திறந்தால் இணைப்பு இருந்த இடம் வெறுமையாக நிற்கிறதா? கண்ணால் பார்த்ததை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். டெவலப்பரிடமும் கேளுங்கள், ஆனால் அவர் சொன்னதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அவர் டேட்டாபேஸில் தன் டேபிளில் நடப்பதைச் சொல்வார். அதோடு தொடர்புள்ள இன்னொரு டேபிளில் நடப்பது அவர் நினைவுக்கு வராமல் போகலாம்.

படி 2: முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லுங்கள்

பழைய வரி: "டிராயிங்கை நீக்கும்."

புதிய வரி: "ஒரு டிராயிங்கையும் அதன் எல்லா ரிவிஷன்களையும் நிரந்தரமாக நீக்கும், திரும்பக் கொண்டுவர முடியாது. அதன் மேல் வைத்த பன்ச் லிஸ்ட் குறிகளும் போய்விடும். வேலைகள் மட்டும் இடம் குறிக்கப்படாமல் மிஞ்சும்."

'எல்லா ரிவிஷன்களையும்' என்ற சொல்லுக்காக நான் சண்டையே போடுவேன். ஒரு தூணுக்கு ரிவிஷன் 2-ல் 16 மி.மீ. கம்பி 6 என்றும், ரிவிஷன் 3-ல் 20 மி.மீ. கம்பி 8 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டூல் கடைசி ரிவிஷனை மட்டும் நீக்கினால், பல மென்பொருட்களில் ரிவிஷன் 2 தானாகவே 'நடப்பு' ஆகிவிடும். கம்பி கட்டுபவர் திரையில் அதுதான் தெரியும். இரும்பின் குறுக்குப் பரப்பைக் கணக்குப் போட்டால், தேவைப்படுவதில் பாதிகூட வராது. கான்கிரீட் ஊற்றியபின் இது வெளியே தெரியாது. ஆகவே எல்லாம் போகிறதா, ஒன்று மட்டுமா, ஒன்று போனால் எது நடப்பாகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பலர் அதற்கு மேல் படிப்பதில்லை.

படி 3: திரும்ப வருமா?

மென்பொருளில் மறுசுழற்சித் தொட்டி இருந்தால் நான்கு தகவல் வேண்டும்: எத்தனை நாள் அங்கே இருக்கும், யாரால் மீட்க முடியும், மீட்டால் பழைய ஐடியே (மென்பொருள் தரும் அடையாள எண்) வருமா, பழைய இணைப்புகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளுமா. கடைசி இரண்டையும்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

படி 4: அளவுருக்கள் (டூலுக்குக் கொடுக்கும் உள்ளீடுகள்)

டிராயிங் எண்ணும் ஐடியும் வேறு வேறு என்று அழுத்திச் சொல்லுங்கள். 'எஸ்-201' என்ற எண் பத்து ப்ராஜெக்டிலும் இருக்கலாம், ஐடி அப்படியல்ல. ஐடிகளைப் பட்டியலாக வாங்கும் டூல் என்றால், காலிப் பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். ஒன்றும் அழியாதா, எல்லாமே அழியுமா என்பதைப் படிப்பவர் ஊகிக்கும்படி விடக்கூடாது. உதாரணத்தில் உண்மையான ஐடியைப் போடவே போடாதீர்கள். புதிதாக வருபவர் முதலில் செய்வது அந்த உதாரணத்தை அப்படியே நகலெடுத்து ஓட்டுவதுதான்.

எந்த அனுமதி இருப்பவர் இதை ஓட்டலாம், இல்லாவிட்டால் 403 ('அனுமதி இல்லை' என்ற பதில்) வருமா என்பது ஒரு வரியில் முடிகிற விஷயம்.

படி 5: பதில் வராமல் போனால்?

இணைப்பு நடுவில் அறுந்துவிட்டது. அழிந்ததா, இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி ஓட்டலாமா?

வலையில் தகவல் பரிமாறும் எச்டிடிபி விதிகளைச் சொல்லும், 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற ஆவணம், டெலிட் மெத்தட் என்ற அழிக்கச் சொல்லும் கோரிக்கையைத் திரும்ப அனுப்பினாலும் சர்வரில் உத்தேசித்த விளைவு மாறாத வகையில் சேர்க்கிறது. ஐடி கொடுத்து அழிக்கும் டூலில் இது பொருந்தும்: முதல் முறை 204 ('முடிந்தது'), அடுத்த முறை 404 ('அப்படி ஒன்று இல்லை') வரலாம், நிலைமை ஒன்றுதான். ஆனால் 'கடைசி ரிவிஷனை நீக்கு' என்று ஒரு டூல் இருந்தால், இரண்டாவது முறை ஓட்டும்போது அதற்கு முந்தைய ரிவிஷன் போய்விடும். பெயரளவில் டெலிட் மெத்தட் என்பதற்காக 'மறுபடி முயலலாம்' என்று எழுதிவிடாதீர்கள். இப்படிப்பட்ட டூலுக்கு, "மறுபடி ஓட்டாதீர்கள், முதலில் ரிவிஷன் பட்டியலை எடுத்துப் பாருங்கள்" என்று எழுதுங்கள்.

படி 6: ஏஐ உதவியாளரும் இதைப் படிக்கும்

எம்சிபி (ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக டூலைக் கொடுக்கிறீர்கள் என்றால், டூலைத் தேர்ந்தெடுப்பதற்கு மாடலுக்குக் கிடைப்பது பெயர், விளக்கம், அளவுருக்கள் போன்ற சிலதான். இந்த டூல் அழிக்கக்கூடியது என்று சொல்லும் 'டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' என்ற குறிப்பை உண்மை (ட்ரூ) என்று வையுங்கள். அது வெறும் குறிப்பு, பூட்டு அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். அழிப்பதைத் தடுக்கும் வேலை சர்வரில் அனுமதியாக இருக்கவேண்டும். விளக்கத்தில், "ஓட்டும் முன் டிராயிங்கின் பெயரையும் ரிவிஷன் எண்ணிக்கையையும் பயனரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவும்" என்று நேரடியாக எழுதுங்கள். 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்றால் மனிதருக்கும் புரியாது, மாடலுக்கும் புரியாது.

படி 7: அழிக்காமல் முடிக்கும் வழி

இந்த டூலைத் தேடி வருபவர்களில் பலருக்கு உண்மையில் அழிக்கத் தேவையே இருக்காது. பழைய டிராயிங் கண்ணில் படக்கூடாது என்றால் ஆவணக் காப்பில் போட்டால் போதும். ஆர்எஃப்ஐ தப்பாகப் போய்விட்டால் 'செல்லாது' என்று நிலை மாற்றினால் போதும்; அதை அழித்துவிட்டு, வரிசையில் 14-ம் எண் காணாமல் போனால், பின்னால் தகராறு வரும்போது எதை மறைத்தீர்கள் என்ற கேள்வி எழும். அந்த மாற்று டூல்களின் பெயரை ஆவணத்தின் மேற்பகுதியிலேயே கொடுங்கள்.

படி 8: ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

டூலைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதை ஓட்டினால் எதெல்லாம் போகும்? எதைத் திரும்ப வாங்கலாம்? பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? அவர் பதில் சொல்லும்போது ஆவணத்தில் எந்த வரியைத் தேடிப் போகிறார் என்று பார்த்து, அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள்.