பனிச்சரிவு அபாயம்: தேர்ந்த சறுக்கு வீரர்களும் செய்யும் தவறுகள்

கண்காணிப்பு ஊழியர்களோ, ஆபத்தான சரிவுகளை முன்கூட்டியே வெடிவைத்துத் தணிக்கும் ஏற்பாடோ இல்லாத திறந்த மலைகளில் பனிச்சறுக்குச் செய்பவர்கள், பனிச்சரிவை எங்கிருந்தோ வந்து தாக்கும் இயற்கைச் சீற்றமாகவே எண்ணுகிறார்கள். உண்மையில், இவ்வகை உயிரிழப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், இறந்தவரோ அவருடன் சென்றவரோதான் தம் எடையால் அந்தச் சரிவைத் தூண்டியிருக்கிறார். ஆகவே பிழையைப் பனியில் தேடுவதற்கு முன் நம் முடிவுகளில் தேட வேண்டும்.

அந்தப் பிழைகளுள் மிகக் கொடியதாக நான் கருதுவது, பத்திரமாகத் திரும்பி வந்ததையே சரியான முடிவுக்குச் சான்றாகக் கொள்வதாகும். இறுகிய பனிப்பாளம் ஒன்று, அடியில் புதைந்த வலுவற்ற படிக அடுக்கின் மேல் தங்கியிருக்கும்போது, பாளம் தடித்த இடத்தில் பத்துப் பேர் கடந்தாலும் ஒன்றும் நேராமல் போகலாம்; பதினொன்றாமவர் சில மீட்டர் தள்ளி, பாளம் மெலிந்த இடத்தில் கால்வைத்ததும் முழுச் சரிவும் உடைந்து நகரக்கூடும். முந்தைய நாள் தடங்கள் எதையும் உறுதிசெய்வதில்லை. நாம் தவறாக முடிவெடுத்த நாளிலும் மலை பெரும்பாலும் மௌனமாகவே இருப்பதால், தவறான பழக்கம் அனுபவம் என்ற பெயரில் ஆண்டுதோறும் உறுதிப்படுகிறது.

அன்றைய பனிச்சரிவு ஆபத்தைச் சொல்லும் அபாய அறிவிப்பைத் தவறாக வாசிப்பது அடுத்தது. ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் மூன்றாம் நிலையைப் பலர் 'நடுத்தரம்தானே' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் படிக்குப் படி ஆபத்து ஒரே சீராக ஏறுவதில்லை, பலமடங்காக ஏறுகிறது. மூன்றாம் நிலையில் ஒரு தனி மனிதரின் எடையே பனிச்சரிவைத் தூண்டப் போதுமானதாக இருக்கலாம். உயிரிழப்புகள் மிகுதியாக நிகழ்வதும் இந்த நிலையில்தான். எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எந்த உயரம், புதுப்பனியா, காற்று குவித்த பனியா, ஆழத்தில் புதைந்த அடுக்கா என்பதை வாசிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்புவது பாதி அறிவிப்பைக் கிழித்தெறிவதற்குச் சமம்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவதும் வேண்டாம். பாளமாக உடையும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வில் தொடங்குகின்றன. அதைக் கருவியால் அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தாம் நிற்கும் தரை சமமாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள், வலுவற்ற அடுக்கின் முறிவு கீழிருந்து மேலே பரவித் தலைக்கு மேலுள்ள சரிவை இறக்கிவிடக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காலடியில் பனி 'உம்ப்' என்று அமுங்கும் ஒலியும், ஸ்கீ (சறுக்குப் பலகை) முனையிலிருந்து ஓடும் விரிசலும் கிடைத்த பின், பள்ளம் தோண்டிப் பனி அடுக்குகளை ஆராய ஒன்றுமில்லை, திரும்பிவிட வேண்டும்.

குழுவின் அளவும் நம்மை ஏமாற்றும். 2012 பிப்ரவரியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே 16 பேர் சென்ற குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியதில் மூவர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள். இத்தனை தேர்ந்தவர்கள் இருக்கையில் நான் என்ன சொல்வது என்ற தயக்கம் அத்தகைய குழுவில் எளிதில் பிறக்கும். புறப்படுவதற்கு முன்பே, ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் அனைவரும் திரும்புவது என்று ஒப்புக்கொள்வது நல்லது.

புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியான டிரான்ஸீவரும், சரியும் பனியின் மேற்பரப்பில் இருக்க உதவும், ஊதிப் பெருக்கும் காற்றுப்பையும் இருப்பதால் துணிவதும் பிழையே. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒரு பங்களவுக்குச் சரிந்துவிடும். மரத்திலும் பாறையிலும் மோதி உயிரிழப்பவருக்கோ எந்தக் கருவியும் உதவாது. ஆகவே ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகவே கடக்க வேண்டும்; மற்றவர்கள் பனிச்சரிவின் பாதைக்கு வெளியே நின்று, கடப்பவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும்.