முதுமாணிக்குப் பிறகு பொதுச் சுகாதாரத்தில் வேலை: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே தொடங்குவது எப்படி?

வைத்தியர்களுக்கு வழி தெரிந்ததுதான்: கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவகம், சமுதாய மருத்துவம், அமைச்சின் நியமனம். இந்தப் பதிவு மற்றவர்களுக்கு. தாதியியலோ புள்ளிவிபரவியலோ படித்து, பொதுச் சுகாதார முதுமாணியும் முடித்துவிட்டு, சுயவிபரக்கோவையில் பட்டத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று முழிப்பவர்களுக்கு. நீங்களே செய்து முடித்த ஓர் ஆய்வை எழுதுங்கள். அதற்கு யாருடைய காசும் தேவையில்லை.

1. கேள்வி
சின்னதாக இருக்கட்டும். 'மாரியோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படி ஏறுகிறது?' போதும்.

2. தரவு
சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. பிடிஎஃப் அட்டவணையைப் பிரித்தெடுக்க டாபியூலா என்ற மென்பொருள் நல்லது. கையால் அடித்தால் ஒரு வரி தள்ளி, யாழ்ப்பாணத்தின் எண்ணிக்கை கிளிநொச்சிக்குப் போய்விடும்.

3. வரைபடம்
பெரும்பாலானோர் மாட்டுப்படுவது இங்கேதான். மாவட்டங்கள் 25, அறிக்கையில் வரிகள் 26. மிச்சம் கல்முனை. நிர்வாகத்தில் அது அம்பாறை மாவட்டத்துக்குள், சுகாதாரத்தில் தனிப் பிராந்தியம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அறிக்கையை மாவட்ட வரைபடத்தோடு இணைத்தால் கல்முனை சத்தமில்லாமல் காணாமற் போகும். அம்பாறையில் நோயாளர் குறைவு என்று படம் காட்டும். இணைக்க முதல், கல்முனையையும் அம்பாறையையும் கூட்டுங்கள். இணைத்த பின் மொத்தத்தை அறிக்கையின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும்.

4. எண்ணுக்குப் பின்னால் இருப்பது
நேர்முகத்தேர்வில் கேட்கப்படுவது இதுதான். வைத்தியசாலை எச் 544 படிவத்தில் அறிவிக்கும். அது நோயாளி வசிக்கும் இடத்து எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போகும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்புவார். அதன் பிறகுதான் வாராந்தத் திரட்டுப் படிவமான எச் 399இல் ஏறும். ஆகவே உங்கள் வரைபின் உச்சி, காய்ச்சல் தொடங்கிய வாரம் அல்ல. இதை ஒரு வரியில் எழுதிவைத்தால், கேட்பவர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

கருவி? ஆர் (R) என்ற இலவசப் புள்ளிவிபர மென்பொருள். காசு கட்டி வாங்கும் எஸ்பிஎஸ்எஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பல்கலைக்கழகம் விட்டதும் உரிமமும் போய்விடும்.

5. எம்.ஓ.எச். பணிமனைக்குப் போங்கள்
ஒரு பக்க அச்சுப்பிரதியோடு. 'வேலை இருக்குதா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'ஐயா, இது சரிதானா எண்டு பாத்துச் சொல்லுவீங்களா?' என்று கேட்டால் கதிரையை இழுத்துப் போடுவார்கள். எந்தக் கிணற்றடியில், எந்த அடைபட்ட பீலியில் நுளம்புக் குடம்பி இருந்தது என்பது பி.எச்.ஐ.மாருக்குத் தெரியும், அறிக்கையில் அது இராது. (திங்கள் காலையில் போகாதீர்கள், பாவம்.)

வீடு வீடாகத் தகவல் திரட்டும் ஆய்வு என்றால், கேள்விப்படிவத்தைக் கைபேசியில் நிரப்பும் கோபோ என்ற செயலி. சிக்னல் இல்லாவிட்டாலும் கைபேசியில் பதியும், நெடுந்தீவுக்கும் உதவும். ஆனால் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில்; தரவு எடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

பின்சேர்க்கை: எக்செலில் நன்றாக இருந்த தமிழ், ஆரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது பாமினி: ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிய பழைய எழுத்துரு. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமியுங்கள். கிராம அலுவலர் பிரிவுகளைப் பெயரால் இணைக்காமல் ஜே/ என்று தொடங்கும் இலக்கத்தால் இணைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.