கைக்குழந்தையோடு வெளியே போக ஒரு பை

கரடி, முயல் படம் போட்ட குழந்தைப் பை வேண்டாம். கருநீலமோ பழுப்போ, ஒரே நிறத்தில் 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் பேக்பேக் எடுங்கள். அம்மா, அப்பா யார் மாட்டினாலும் எடுப்பாக இருக்கும். பிள்ளை வளர்ந்தபின் ஆபீசுக்கும் ஆகும். முக்கியமாக, இரண்டு கையும் குழந்தையைத் தூக்க ஃப்ரீ.

கடையில் முதலில் ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். வாய் அகலமாகத் திறக்க வேண்டும், உள்துணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் பிள்ளை வீறிட்டு அழும்போது கறுப்புத் துணிக்குள் பால் பாட்டில் மூடியைத் தேடுவது பெரும்பாடு. பால் சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்பதால் நைலானே நல்லது. கேன்வாஸில் வாடை தங்கிவிடும். ஃப்ளாஸ்க் நிமிர்ந்து நிற்கப் பக்கத்தில் ஒரு பாக்கெட் கட்டாயம். நனைந்த துணிக்குத் தனி ஜிப் பவுச் போதும். காலியாக இருக்கும்போதே கனக்கிற பையை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.