டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது? கண்டறியும் முறை

கோவை அவிநாசி சாலையில் தலைமை அலுவலகமும், பெருந்துறை சிப்காட்டில் ஆலையும், இடத்துக்கு ஒன்றாக இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களும் கொண்ட ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பவை இந்த சர்வர்களே. ஒரு கணினி இவற்றில் எதை நாடுகிறது என்பதைக் கீழ்க்காணும் முறையில் அறியலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து, டிஎன்எஸ் (பெயரைக் கொண்டு சர்வரைத் தேடித்தரும் சேவை) முகவரியைப் பாருங்கள். அங்கே 8.8.8.8 போன்ற பொது முகவரி இருந்தால், அதை மாற்றி நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியை இடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் டொமைனின் (நிறுவனக் கணினிகளும் பயனர்களும் அடங்கிய குழு) உள்விவரம் எதுவும் தெரியாது. ஆனால் இணையம் தடையின்றி ஓடுவதால் பிழை அங்கேதான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

விண்டோஸ் 2000 காலம் தொட்டு, ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் உள்ள நெட்லாகன் சேவை, தன் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் (பயனர் விவரங்களைத் தேட உதவும் எல்டாப்புக்கு 389, அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸுக்கு 88) எஸ்ஆர்வி பதிவுகளாக, அதாவது ஒரு சேவை எந்த சர்வரில் உள்ளது என்று காட்டும் பதிவுகளாக, டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிறது. அவற்றைப் பார்க்க 'என்எஸ்லுக்அப்' திறந்து, 'செட் டைப்=எஸ்ஆர்வி' கொடுங்கள். பிறகு அடிக்கோடுடன் எல்டாப், புள்ளி, அடிக்கோடுடன் டிசிபி, புள்ளி, டிசி, புள்ளி, அடிக்கோடுடன் எம்எஸ்டிசிஎஸ், புள்ளி, இறுதியாக டொமைன் பெயர் என்று இடைவெளியின்றித் தட்டினால், இரண்டு சர்வர்களும் வரிசையாக வரும். ஒன்று விடுபட்டிருந்தால், அந்த சர்வரில் நெட்லாகன் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். பதிவு மீண்டும் எழுதப்படும்.

அடுத்து 'என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:' என்பதோடு டொமைன் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால், கணினி தேர்ந்தெடுத்த சர்வர் எது, அது எந்த சைட்டை (டொமைனில் ஓர் இடத்தைக் குறிக்கும் பிரிவு) சேர்ந்தது என்பவை தெரியும். பெருந்துறைக் கணினி கோவை சர்வரைக் காட்டினால் சப்நெட்டை, அதாவது அந்த இடத்துக்கு ஒதுக்கிய ஐபி முகவரித் தொகுதியை, சந்தேகியுங்கள். கணினியின் ஐபி முகவரியை வைத்துத்தான் அதன் சைட் எது என்று டொமைன் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. ஆலையில் புதிய தையல் பிரிவுக்கு 192.168.20.0/24 ஒதுக்கிவிட்டு, அதை டொமைன் கன்ட்ரோலரின் 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' பகுதியில் பெருந்துறை சைட்டோடு இணைக்க மறந்திருந்தால், அப்பிரிவின் கணினிகள் பக்கத்திலுள்ள சர்வரை விட்டுவிட்டுக் கோவை வரை போகக்கூடும்.

சப்நெட்டை இணைத்தபின் அதே கட்டளையை '/ஃபோர்ஸ்' சேர்த்து இயக்கினால், பழைய விடையை விட்டுப் புதிதாகத் தேடும். சைட்டுகளுக்கிடையே மாற்றங்கள் போய்ச்சேரும் இயல்பு இடைவெளி 180 நிமிடம் என்பதால், உடனே பலன் தெரியாவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் பாருங்கள்.