வெப்பேக்ல சிஎஸ்எஸ் ஏத்துறது எப்படி: மலைப்பாதை சிக்னல்லயும் பேஜ் ஒழுங்கா தெரியணும்னா

கம்பம், கூடலூர், குமுளி பக்கம் நம்ம பசங்க நிறைய பேரு ஏலக்காய் கடைக்கும் ஹோம்ஸ்டேக்கும் ஜீப் சஃபாரிக்கும் வெப்சைட் போட்டுக் குடுக்குறாங்க, வீட்டு வைஃபைல பாத்தா நல்லாத்தான் இருக்கு, ஆனா லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுறப்ப சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடுன்னு ஆடும்ல, அப்ப அதே பேஜ ஓப்பன் பண்ணா முதல்ல வெறும் எழுத்தும் நீலக்கலர் லிங்க்குமா வந்து நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சுதான் டிசைன் வந்து ஒட்டுது. தேக்கடிக்கு வர்ற ஆளு வண்டில உக்காந்துக்கிட்டு ரூம் தேடுற நேரமே அதுதான். இதுக்கு பெரும்பாலும் காரணம் சிஎஸ்எஸ்ஸ (பேஜோட கலர், டிசைன் எழுதுற ஃபைல்) வெப்பேக்குக்குள்ள (சைட்டோட ஃபைலெல்லாம் சேத்துக் கட்டித் தர்ற டூல்) எப்படி ஏத்துனோம்ங்கிறதுதான். அத முழுசா எழுதுறேன், வெப்பேக் 5 வச்சுதான் சொல்றேன், அது 2020 அக்டோபர்ல வந்தது, அதுக்கு முந்தின டுடோரியல் பாத்து செய்றவங்க கீழ ஃபான்ட் பத்தி வர்ற எடத்த கவனமா படிங்க.

முதல்ல அடிப்படை. வெப்பேக்குக்கு தானா புரியுறது ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜேசனும்தான். இன்டெக்ஸ் ஜேஎஸ் ஃபைல்ல மேல ஒரு இம்போர்ட் லைன் போட்டு ஸ்டைல் ஃபைல கூப்பிட்டீங்கன்னா அது சிஎஸ்எஸ்ஸ ஜாவாஸ்கிரிப்ட்னு நெனச்சு படிக்கப் பாக்கும், மாட்யூல் பார்ஸ் ஃபெயில்ட்னு எரர் வரும், கூடவே இந்த ஃபைலுக்கு ஏத்த லோடர் (வேற வகை ஃபைல வெப்பேக்குக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குறது) வேணும்னும் சொல்லும். அந்த லோடர்தான் நாம போடணும், ஒண்ணு இல்ல ரெண்டு: சிஎஸ்எஸ்-லோடர், ஸ்டைல்-லோடர். ரெண்டையும் என்பிஎம் (பேக்கேஜ் எறக்குற டூல்) வச்சு டெவ் டிபெண்டன்சியா, அதாவது வேல பாக்குறப்ப மட்டும் தேவைப்படுறதா, இன்ஸ்டால் பண்ணிக்கங்க (பேரெல்லாம் டைப் பண்றப்ப ஆங்கில சின்ன எழுத்து, நடுவுல ஹைஃபன்).

ரெண்டுக்கும் வேல வேற வேற, இத தெளிவா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபம். சிஎஸ்எஸ்-லோடர் ஃபைல படிச்சு உள்ள இருக்கிற அட்-இம்போர்ட், யுஆர்எல் எல்லாத்தையும் தேடிப் புடிச்சு வெப்பேக்குக்குத் தெரிஞ்ச மாட்யூலா மாத்தும், அவ்வளவுதான், பேஜ்ல ஒண்ணும் தெரியாது. ஸ்டைல்-லோடர்தான் அத வாங்கி, பிரவுசர்ல ஓடுறப்ப ஹெட்டுக்குள்ள ஒரு ஸ்டைல் டேக் உண்டாக்கி அதுல போடும். சிஎஸ்எஸ்-லோடர் மட்டும் போட்டுட்டு எரர் போயிருச்சு ஆனா கலர் வரலியேன்னு கேக்குறவங்க நிறைய பேரு, விட்டுப்போனது இந்த ரெண்டாவதுதான்.

வெப்பேக்கோட கான்ஃபிக் ஃபைல்ல மாட்யூல்னு ஒரு பகுதி, அதுக்குள்ள ரூல்ஸ்னு ஒரு அர்ரே (பட்டியல்), அதுல ஒரு ரூல். டெஸ்ட்ங்கிற எடத்துல டாட் சிஎஸ்எஸ்னு முடியுற ஃபைலப் புடிக்கிற ரெகுலர் எக்ஸ்ப்ரஷன், யூஸ்ங்கிற எடத்துல லோடர் பேரெல்லாம் ஒரு அர்ரேயா. இதுல ஸ்டைல்-லோடர் முதல்ல, சிஎஸ்எஸ்-லோடர் ரெண்டாவது. ஏன்னா வெப்பேக் இந்த அர்ரேய வலது பக்கத்துலருந்து இடது பக்கமா ஓட்டும். பச்ச ஏலக்காய ஸ்டோர்ல காய வைக்காம நேரா ஏலத்துக்குக் கொண்டு போக முடியாதுல்ல, அதே மாதிரி சிஎஸ்எஸ்-லோடர் கையிலருந்து வந்ததத்தான் ஸ்டைல்-லோடரால எடுத்துக்க முடியும். சாஸ் (கடைசில சிஎஸ்எஸ்ஸா மாறுற, கொஞ்சம் வசதியான எழுத்து முறை) எழுதுறவங்க சாஸ்-லோடர கடைசில, அதாவது வலது ஓரத்துல சேக்கணும், டெஸ்ட்டையும் எஸ்சிஎஸ்எஸ்ஸுக்கு மாத்தணும். போஸ்ட்சிஎஸ்எஸ் (சிஎஸ்எஸ்ஸ தானா திருத்திக் குடுக்குற டூல்) வேணும்னா அதோட லோடர் சிஎஸ்எஸ்-லோடருக்கும் சாஸ்-லோடருக்கும் நடுவுல.

வேல பாத்துட்டு இருக்கிற வரைக்கும் இது போதும், உண்மையிலயே நல்லதும் கூட, டெவ் சர்வர் ஓடுறப்ப ஒரு கலர மாத்தி சேவ் பண்ணா பேஜ் ரீலோட் ஆகாமலே மாறிரும். ஆனா இதையே லைவுக்கு விடாதீங்க. ஸ்டைல்-லோடர் போட்டா உங்க சிஎஸ்எஸ் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலுக்குள்ள (வெப்பேக் சேத்துக் கட்டுன ஃபைல்) ஸ்ட்ரிங்கா உக்காந்திருக்கும், அந்த பண்டில் முழுசா எறங்கி ஓடுனாத்தான் ஸ்டைலே வரும், அது வர்ற வரைக்கும் எச்டிஎம்எல் அம்மணமா நிக்கும். மேல சொன்ன மலைப்பாதை பிரச்சன இதுதான்.

லைவுக்கு மினி-சிஎஸ்எஸ்-எக்ஸ்ட்ராக்ட்-பிளகின். இது சிஎஸ்எஸ்ஸ தனி ஃபைலா வெளிய எடுத்து வைக்கும், எச்டிஎம்எல்-வெப்பேக்-பிளகினும் இருந்தா லிங்க் டேக்கயும் தானா ஹெட்ல போட்டுரும், பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்டுக்காக காத்திருக்காம அத எறக்க ஆரம்பிச்சிரும். ரெண்டு எடத்துல போடணும்: பிளகின்ஸ் அர்ரேல ஒரு நியூ போட்டு, அப்புறம் ரூல்ல ஸ்டைல்-லோடர் இருந்த எடத்துல இதோட லோடர். இருந்த எடத்துலன்னா அத எடுத்துட்டுதான், ரெண்டையும் ஒண்ணா வைக்கக்கூடாது. டெவலப்மென்டுக்கு ஒண்ணு புரொடக்ஷனுக்கு (அதாவது லைவுக்கு) ஒண்ணுன்னு பிரிக்க, கான்ஃபிக்க ஆப்ஜெக்டா எக்ஸ்போர்ட் பண்ணாம ஃபங்ஷனா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ரெண்டாவது ஆர்கியூமென்ட்ல மோட் (இந்த ரெண்டுல எதுன்னு சொல்றது) வரும், புரொடக்ஷன்னா பிளகினோட லோடர், இல்லன்னா ஸ்டைல்-லோடர்னு ஒரே வரில எழுதிரலாம். மோட கமாண்ட் லைன்ல குடுத்தாத்தான் அது அங்க வரும், அத பேக்கேஜ் ஜேசன் ஸ்கிரிப்ட்லயே எழுதி வச்சிருங்க.

ஃபைல் பேர்ல கன்டென்ட்ஹேஷ் (உள்ள இருக்கிறத வச்சு வெப்பேக் உண்டாக்குற ஒரு குறியீடு) கட்டாயம் சேத்துக்கங்க. கடைக்கார சேட்டன் விஷுவுக்கு ஒரு கலர், தீபாவளிக்கு ஒரு கலர்னு கேப்பாரு, நீங்க மாத்தி ஏத்துவீங்க, அவரு போன்ல பழசே காட்டும், மாத்தவே இல்லியேம்பாரு. ஹேஷ் இருந்தா உள்ளடக்கம் மாறுறப்ப மட்டும் பேரு மாறும், மாறாத ஃபைல் கேஷ்லருந்தே (பிரவுசர் ஏற்கனவே எடுத்து வச்சதுலருந்தே) வரும், திரும்ப வர்றவங்களுக்கு டேட்டாவும் மிச்சம்.

ஃபைல் சைஸ சுருக்குறதுக்கு சிஎஸ்எஸ்-மினிமைசர்-வெப்பேக்-பிளகின், ஆப்டிமைசேஷனுக்குள்ள மினிமைசர் அர்ரேல போடணும். அந்த அர்ரேல முதல்ல கொட்டேஷன் குறிக்குள்ள மூணு புள்ளி வச்ச ஒரு ஸ்ட்ரிங் சேக்கணும், ஏற்கனவே இருக்கிற மினிமைசரையும் வச்சுக்கோன்னு அர்த்தம். அது இல்லன்னா சிஎஸ்எஸ் சுருங்கும், ஜாவாஸ்கிரிப்ட் சுருங்குறது நின்னு போயிரும்.

இப்ப ஃபான்ட். நம்ம பக்கத்துல ஒரே கடைக்கு தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூணும் வேணும், அதனால இது நமக்கு மத்த ஊரவிட அதிகமாவே வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மலையாளம் ரெண்டையும் டபிள்யூஓஎஃப்எஃப்2 ஃபைலா ப்ராஜெக்ட்லயே வச்சு அட்-ஃபான்ட்ஃபேஸ்ல யுஆர்எல் குடுத்தீங்கன்னா போதும், சிஎஸ்எஸ்-லோடரும் வெப்பேக் 5-ம் சேந்து அத தானா அவுட்புட்டுக்குக் கொண்டு போயிரும். பழைய டுடோரியல்ல ஃபைல்-லோடர், யுஆர்எல்-லோடர் போடச் சொல்லும், வேண்டாம், அந்த வேல இப்ப வெப்பேக்குக்குள்ளயே இருக்கு, அதையும் சேத்துப் போட்டா ஒரே ஃபான்ட் ரெண்டு தடவ வந்து விழும், சில சமயம் எழுத்தே தெரியாது. தனி ஃபோல்டர்ல அழகா வைக்கணும்னா மட்டும் அசெட் ரிசோர்ஸ் டைப்ல ஒரு ரூல் எழுதி ஜெனரேட்டர்ல ஃபைல் பேரு குடுங்க.

ரெண்டு ஃபான்ட்ஃபேஸுக்கும் ஒரே ஃபேமிலி பேரு வச்சு, யூனிகோட்-ரேஞ்ச் மட்டும் தனித்தனியா குடுங்க. தமிழுக்கு 0பி80-லருந்து 0பிஎஃப்எஃப் வரைக்கும், மலையாளத்துக்கு 0டி00-லருந்து 0டி7எஃப் வரைக்கும். அப்ப மலையாள எழுத்தே இல்லாத பேஜ்ல மலையாள ஃபான்ட பிரவுசர் எறக்கவே எறக்காது. மெதுவான நெட்டுல இது பெரிய வித்தியாசம், தயவுசெஞ்சு விட்டுறாதீங்க.

சைட்ட ரூட்ல வைக்காம ஒரு சப் ஃபோல்டர்ல வைக்கிறீங்கன்னா பப்ளிக்பாத்த (ஃபைலெல்லாம் எந்த அட்ரஸ்லருந்து வரும்னு சொல்ற செட்டிங்) வெறும் சாய்கோடா வைக்காதீங்க, ஃபான்டெல்லாம் 404 ஆயிரும். ஒண்ணும் எழுதாம விட்டா ஆட்டோதான், அது பெரும்பாலும் சரியா கண்டுபுடிச்சிக்கும்.

சிஎஸ்எஸ் ஃபைல் சத்தமே இல்லாம காணாமப்போறதும் உண்டு, எரர் கூட வராது. அப்ப பேக்கேஜ் ஜேசன்ல சைட்எஃபெக்ட்ஸ்னு ஒரு வரி ஃபால்ஸ்னு இருக்கான்னு பாருங்க. எந்த ஃபைலுக்கும் பக்க விளைவு கெடையாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி அது, வெறும் இம்போர்ட் மட்டும் பண்ணி எதையும் எடுத்துக்காத சிஎஸ்எஸ்ஸ வெப்பேக் தேவையில்லன்னு தூக்கிரும். ஃபால்ஸுக்குப் பதிலா ஒரு அர்ரே வச்சு அதுல நட்சத்திரம் டாட் சிஎஸ்எஸ்னு போடுங்க, திரும்பி வந்துரும்.

வரிசையும் முக்கியம். ஜாவாஸ்கிரிப்ட்ல எத முதல்ல இம்போர்ட் பண்றீங்களோ அதுதான் வெளிய வர்ற ஃபைல்ல மேல இருக்கும், அதனால ரீசெட், பொதுவான ஸ்டைல் எல்லாம் என்ட்ரி ஃபைல்ல (வெப்பேக் படிக்க ஆரம்பிக்கிற ஃபைல்) முதல் வரிகள்ல. ஒரு எடத்துல ஏ முன்னாடி பி பின்னாடி, இன்னொரு எடத்துல மாத்தின்னு எழுதுனா கான்ஃப்ளிக்டிங் ஆர்டர்னு வார்னிங் வரும், அத மறைக்க வழி இருக்கு, ஆனா மறைக்காம வரிசைய சரி பண்றதுதான் என் கருத்து. சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் (கிளாஸ் பேரெல்லாம் அந்தந்த ஃபைலோட நிக்கிற முறை) எழுதுறவங்களுக்கு வரிசை தொல்ல கொறையும், ஃபைல் பேரு டாட் மாட்யூல் டாட் சிஎஸ்எஸ்னு முடிஞ்சா லோடர் தானா புரிஞ்சுக்கும். சிஎஸ்எஸ்-லோடர் 7 போட்டிருந்தா டிஃபால்ட் இம்போர்ட் பண்ணாதீங்க, அன்டிஃபைன்ட்தான் வரும், நட்சத்திரம் போட்டு மொத்தமா இம்போர்ட் பண்ணுங்க.

ஏத்துறதுக்கு முன்னாடி புரொடக்ஷன் பில்ட லோக்கல்ல ஓட விட்டு, பிரவுசரோட டெவ்டூல்ஸ்ல ஜாவாஸ்கிரிப்ட்ட டிசேபிள் பண்ணி ஒரு ரீலோட் அடிங்க. ஏலக்காய் படம், வெல, போன் நம்பர் எல்லாம் அது அது எடத்துல கலரோட நின்னா சிஎஸ்எஸ் தனியா வருதுன்னு அர்த்தம், வெறும் எழுத்தா நின்னா இன்னும் ஸ்டைல்-லோடர்தான் ஓடுது, மோட செக் பண்ணுங்க. அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட்ட திரும்ப ஆன் பண்ணிட்டு நெட்வொர்க் டேப்ல வேகத்த 3ஜிக்கு எறக்கி இன்னொரு தடவ பாருங்க, எந்த ஃபைல் லேட்டா வருதோ அதுலருந்து கொறைக்க ஆரம்பிங்க.